இடம் மாறிய வன்தட்டு

ஒரு கணினியின் மதர்போர்டு செத்துப்போனால் வன்தட்டும் கூடவே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது நலமாகவே இருக்கும். கழற்றி இன்னொரு கணினியில் இரண்டாவது தட்டாக மாட்டினால் படங்களும் கணக்குகளும் கடிதங்களும் வைத்தது வைத்தபடி கிடைக்கும். ஆனால் அந்தத் தட்டில் இருக்கும் இயங்குதளத்தைக் கொண்டே புதிய கணினியைத் தொடங்கவைக்கப் பார்த்தால், நடப்பது எல்லாத் தட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு தட்டு, தான் இடம் மாறியதே தெரியாததுபோல் பழைய முகப்பைக் காட்டும். இன்னொன்று நீலத் திரையோடு நின்றுவிடும். மற்றொன்று 48 இலக்க எண் கேட்டு, அது கிடைக்கும்வரை ஒரு கோப்பையும் திறக்க மறுக்கும். ‘டிரைவர் வேற, அதான்’ என்பது பழுதுபார்க்கும் இடங்களில் கிடைக்கும் வழக்கமான பதில். பொய்யில்லைதான். ஆனால் தேவையான டிரைவர், அதாவது அந்த வன்பொருளை இயக்கத் தெரிந்த நிரல், தட்டிலேயே இருந்தும் நின்றுபோகும் கணினிகள் உண்டு. வன்பொருள் முழுக்க வேறாக இருந்தும் சிரமமில்லாமல் ஓடுபவையும் உண்டு. இந்த முரணைப் புரிந்துகொள்ள, ‘நான் எந்த இயந்திரத்தில் இருக்கிறேன்’ என்ற கேள்வியை இயங்குதளம் எப்போது கேட்கிறது, விடையை எங்கே எழுதிவைக்கிறது என்று பார்க்க வேண்டும். நிறுவிய நாளில் ஒரே ஒருமுறை கேட்டு எழுதிக்கொண்ட இயங்குதளம் அந்த இயந்திரத்தோடு கட்டுண்டுவிடுகிறது. எழும்போதெல்லாம் கேட்பது எங்கும் போய்வரும்.

கணினி தொடங்கும் முதல் சில நொடிகளில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. பயாஸ் முறைக் கணினியில், மின்சாரம் வந்ததும் மதர்போர்டிலுள்ள பயாஸ் விழித்துக்கொண்டு வன்தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கிறது. அதில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு, 64 பைட்டுகள் தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு, கடைசி 2 பைட்டுகள் அடையாள முத்திரைக்கு. இந்தச் சிறு நிரலுக்கும், அது அழைத்துவரும் பெரிய ஏற்றிக்கும் தட்டைப் படிக்கத் தனியாக டிரைவர் கிடையாது. பயாஸ் தரும் சேவையைக் கடன்வாங்கித்தான் அவை இயங்குதளத்தின் மையமான கெர்னலை நினைவகத்துக்குக் கொண்டுவருகின்றன. கெர்னல் எழுந்ததும் அந்தக் கடன்சேவையை விட்டுவிடுகிறது. இனித் தட்டை அதுவே தன் டிரைவர் மூலம் படிக்க வேண்டும். டிரைவர் எங்கே இருக்கிறது? அதே தட்டில். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்ட நிலைமைதான். இதற்கு எல்லா இயங்குதளங்களும் ஒரே உபாயத்தைத்தான் கண்டுபிடித்தன: பயாஸின் கை இன்னும் கிடைக்கும்போதே, தேவைப்படப்போகும் டிரைவர்களையும் கெர்னலோடு சேர்த்து நினைவகத்துக்கு எடுத்துவந்துவிடுவது. எவை தேவைப்படும் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை யார், எப்போது எழுதினார்கள் என்பதுதான் தட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

விண்டோஸில் அந்தப் பட்டியல், அது தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு டிரைவருக்கும் ‘ஸ்டார்ட்’ என்றொரு எண். 0 என்றால் கெர்னலோடு சேர்த்து ஏற்ற வேண்டியது. 3 என்றால் கேட்டால் மட்டும் ஏற்றலாம். விண்டோஸ் விஸ்டாவையும் 7-ஐயும் நிறுவும்போது, அந்த நேரத்தில் கண்ணில் பட்ட தட்டுக் கட்டுப்படுத்திக்குரிய டிரைவருக்கு 0 கொடுத்து, தேவையில்லை என்று தோன்றியதை 3-இல் விட்டுவிட்டார்கள். இதில் ஒரு விசித்திரமான விளைவு உண்டு. கணினியைக் கழற்றவே வேண்டாம். தட்டு, மதர்போர்டு, கேபிள் எதையும் மாற்ற வேண்டாம். பயாஸ் அமைப்புக்குள் போய் சாட்டா கட்டுப்படுத்தியின் முறையை ஐடிஇ என்பதிலிருந்து ஏஹெச்சிஐ என்று மாற்றினால் போதும், விண்டோஸ் 7 நீலத் திரையில் விழும். காட்டும் குறியீடு 7பி: ‘தொடக்கத் தட்டை அணுக முடியவில்லை.’ ஏஹெச்சிஐக்கான டிரைவரை மைக்ரோசாஃப்டே எழுதி ஒவ்வொரு விண்டோஸ் 7-உடனும் தந்திருந்தது. கோப்பு தட்டில்தான் கிடந்தது. முறையை மாற்றும் முன் ரெஜிஸ்ட்ரியில் 3 என்பதை 0 ஆக்கிவைத்தால் கணினி ஒழுங்காக எழும். மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்தில் வெளியிட்ட தீர்வே இதுதான். டிரைவர் இல்லாததுதான் காரணம் என்ற விளக்கம் இந்த ஒரு சான்றின்முன் நிற்காது. அறிவு இருந்தது, அது தேவைப்படாது என்று பழைய நாளொன்றில் எடுத்த முடிவு எழுதப்பட்டிருந்தது. அதை மறுபடி விசாரிக்க யாரும் இல்லை.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்த எழுதிவைக்கும் பழக்கம் இன்னும் ஆழமாக இருந்தது. வன்பொருளுக்கும் கெர்னலுக்கும் நடுவே ‘ஹால்’ என்றொரு அடுக்கு உண்டு. மின்மேலாண்மை எந்த வகை, செயலி ஒன்றா பலவா என்பதைப் பொறுத்து அதில் பல வடிவங்கள் இருந்தன. நிறுவும் நிரல் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அதை மட்டும் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடும். தட்டு வேறு வகைக் கணினிக்குப் போனால், டிரைவர் பிரச்சினைக்கு வருவதற்கு முன்பே கால் இடறும். இதை முட்டாள்தனம் என்று சொல்வது எளிது, நியாயமல்ல. எக்ஸ்பி 64 மெகாபைட் நினைவகத்திலும் ஓட வேண்டியிருந்தது. அதற்கும் முந்தைய ஐஎஸ்ஏ அட்டைகளின் உலகில், ‘நீ யார்’ என்று வன்பொருளைக் கேட்க முறையான வழியே கிடையாது. அட்டையில் ஜம்பரைச் செருகி எண்ணைத் தீர்மானித்து, அதையே மென்பொருளிடமும் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு முகவரியைத் தட்டிப் பார்த்து அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஊகிக்கப்போனால், சில அட்டைகள் கணினியையே உறையவைத்துவிடும். கேட்பது ஆபத்தாக இருக்கும்போது, ஒருமுறை கேட்டதை எழுதிவைத்து நம்புவது விவேகம்தான்.

1992-இல் இன்டெல் வெளியிட்ட பிசிஐ முறை இந்த நிலையைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு சாதனமும் தன்னைச் செய்தவர் யார், தான் எந்த மாதிரி, எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எண்களாக வைத்திருந்து, கேட்டதும் சொல்லியாக வேண்டும். இன்டெல் தனக்கு எடுத்துக்கொண்ட எண் 8086; தன் பழைய செயலியின் பெயர். (பொறியாளர்களுக்கும் குலப்பெருமை உண்டு.) இந்த மூன்றில் மிகவும் பயன்பட்டது வகை எண்தான். ஒரு கட்டுப்படுத்தி தன்னை 01-06-01 என்று சொல்லிக்கொண்டால் அது ஏஹெச்சிஐ; 01-08-02 என்றால் என்விஎம்இ. யார் செய்தது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வகைக்குரிய பொது டிரைவர் ஒன்று போதும். 2004-இல் ஏஹெச்சிஐயும் 2011-இல் என்விஎம்இயும் வரையறுக்கப்பட்ட பிறகு, தயாரிப்பாளருக்கு ஒரு டிரைவர் என்ற நிலை போய், உலகின் பெரும்பாலான தட்டுகளை இரண்டு டிரைவர்களால் படிக்கலாம் என்ற நிலை வந்தது. தட்டை இடம் மாற்றுவது இன்று சுலபமாக இருப்பதில், இயங்குதளம் எழுதியவர்களுக்கு இருக்கும் பங்கைவிடப் பெயரில்லாத இந்தத் தரக்குழுக்களின் பங்கு பெரிது என்றே நினைக்கிறேன்.

வன்பொருள் பதில் சொல்லத் தயாராக இருந்தாலும், கேட்கிற பழக்கம் தானாக வந்துவிடவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ், லினக்ஸை ஒரு குறுந்தட்டிலிருந்தே ஓட்டியது. நிறுவ வேண்டியதில்லை, எந்தக் கணினியிலும் போட்டுத் தொடங்கினால் திரை, ஒலி, வலையமைப்பு எல்லாவற்றையும் அதுவே கண்டுபிடித்து முழு மேசைத்தளத்தைத் தந்தது. அதற்கு வேறு வழியும் இருக்கவில்லை. குறுந்தட்டில் எழுத முடியாது. ஆகவே போன தடவை எந்தக் கணினியில் இருந்தோம் என்பது அதற்கு நினைவிருக்கப்போவதில்லை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான். எழுதிவைக்க இடமில்லாத இயங்குதளம், எழுதிவைக்காமலே வாழ முடியும் என்று அது நிரூபித்தது. வன்தட்டில் நிறுவப்படும் லினக்ஸ்களும் இதே திசையில் வந்தன. கெர்னலோடு ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற ஒரு சிறு கோப்பு மூட்டை ஏற்றப்படும்; டெபியன் என்ற லினக்ஸின் இயல்பான அமைப்பில் அந்த மூட்டைக்குள் தனக்குத் தேவையான தட்டு டிரைவர்கள் மட்டுமல்ல, தேவைப்படக்கூடியவை பெரும்பாலும் எல்லாமே இருக்கும். எழும்போது பிசிஐ எண்களைப் பார்த்து, பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். முன்பு கட்டமைப்புக் கோப்புகளில் ‘முதல் கேபிளின் முதல் தட்டு’ என்று இடத்தைக் குறித்துவைத்தவர்கள், பிறகு தட்டின் கோப்பமைப்புக்கே ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் செய்தார்கள். தட்டை எந்தத் துளையில் செருகினாலும் அது தன்னை அடையாளம் கண்டுகொள்ளும்.

லினக்ஸை இந்த விஷயத்தில் குற்றமற்றது என்று சொல்லிவிடவும் முடியாது. வலையமைப்பு அட்டைக்கு ஈத்0 என்று பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெயரை அட்டையின் வன்பொருள் முகவரியோடு ஒரு கோப்பில் முடிச்சுப்போட்டு வைத்த காலம் ஒன்றுண்டு. தட்டு வேறு கணினிக்குப் போனதும், ஈத்0 இன்னும் பழைய அட்டைக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். புதியது ஈத்1 ஆகும். வலையமைப்பு அமைப்புகளோ ஈத்0-க்கு எழுதியவை. கணினி எழும், திரை வரும், இணையம் மட்டும் வராது. சேவையகங்களின் தட்டைப் பிரதியெடுத்தவர்களை மணிக்கணக்கில் அலையவிட்ட கோளாறு இது. பின்னால் வந்த சிஸ்டம்டி முறையில் அட்டை பொருந்தியுள்ள பிசிஐ இடத்தைக் கொண்டு பெயர் வைத்தார்கள். மதர்போர்டு மாறினால் அந்தப் பெயரும் மாறலாம். எழும்போதெல்லாம் கேட்கும் இயங்குதளத்துக்குள்ளும் எங்கோ ஒரு மூலையில் பழைய வீட்டு முகவரி எழுதப்பட்டிருக்கும். எந்த மூலையில் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் பழுதுபார்ப்பவரின் அனுபவம்.

இயங்குதளம் ஒரு கணினிக்கென்றே பிறப்பது, அதை மாற்றுவது இயல்புக்கு விரோதம் என்பவர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் மடிக்கணினியில் விண்டோஸை யாரும் உட்கார்ந்து நிறுவியதில்லை. எங்கோ ஒரு கணினியில் நிறுவி, ‘சிஸ்ப்ரெப்’ என்ற மைக்ரோசாஃப்டின் கருவியால் அந்தக் கணினியின் தனி அடையாளங்களைத் துடைத்து, கிடைத்த பிம்பத்தை ஆயிரக்கணக்கான தட்டுகளில் பதிகிறார்கள். நம் கணினிகளில் பெரும்பாலானவற்றின் இயங்குதளம் ஏற்கெனவே ஒருமுறை இடம் மாறியதுதான். அதே மைக்ரோசாஃப்ட் 2012-இல் விண்டோஸ் 8-இன் நிறுவனப் பதிப்போடு ‘விண்டோஸ் டு கோ’ என்ற வசதியைத் தந்தது. யூஎஸ்பி தட்டில் முழு விண்டோஸ். அலுவலகக் கணினியில் செருகினால் அங்கே எழும், வீட்டுக் கணினியில் செருகினால் இங்கே எழும். புதிய கணினியில் முதல்முறை எழும்போது வன்பொருளைக் கண்டறிந்துகொள்ளச் சற்று நேரமெடுக்கும், அடுத்த முறை விரைவாக எழும். 2020-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் இன்றைய விண்டோஸ் 10, 11 தட்டுகள் வேறு கணினியில் பெரும்பாலும் ‘சாதனங்களைத் தயார் செய்கிறோம்’ என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிடுகின்றன. எக்ஸ்பி காலத்துத் தடை எந்த இயற்கை விதியிலும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒவ்வொரு தடவையும் கேட்பது வீண் வேலையல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான், மூட்டை பெரிதானால் தொடங்கும் நேரம் கூடும். ஃபெடோரா என்ற லினக்ஸ் இதற்காகவே, இந்தக் கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் வைத்து மூட்டையைச் சிறியதாகக் கட்டுகிறது. ஆனால் கூடவே, எல்லா டிரைவர்களும் அடங்கிய மீட்பு மூட்டை ஒன்றையும் தொடக்கப் பட்டியலில் வைத்திருக்கிறது. தட்டு இடம் மாறி வழக்கமான மூட்டை தோற்றால், மீட்பு மூட்டையில் எழுந்து, புதிய மூட்டை கட்டிக்கொள்ளலாம். வேகத்துக்காக எழுதிவை, ஆனால் எழுதியது பொய்த்தால் மறுபடி கேட்க வழி விட்டுவை என்ற இந்த ஏற்பாடுதான் எனக்கு உசிதமாகப் படுகிறது. பழைய சிக்கல் முற்றிலும் போய்விடவில்லை என்பதும் உண்மை. இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு என்விஎம்இ தட்டைத் தன் பின்னால் மறைத்துக்கொள்கிறது. விண்டோஸ் நிறுவும் நிரலுக்கே தனி டிரைவர் கொடுத்தால்தான் தட்டு தெரியும். பொதுத் தரம் தீர்த்துவைத்ததை ஒரு நிறுவனத்தின் தனி வசதி திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் தேவையில்லாத மெய்நிகர் கணினிகளிலும் இதே கதைதான்: விஎம்வேரில் ஓடிய விண்டோஸ் பிம்பத்தை கேவிஎம்முக்கு மாற்றி, விர்ட்ஐஓ தட்டு டிரைவரை முன்கூட்டியே சேர்க்க மறந்தால், அதே 7பி நீலத் திரை.

‘எதற்கு இந்தப் பாடு, புதிதாக நிறுவிவிட்டால் சுத்தமாக இருக்குமே’ என்பது அனுபவசாலிகளின் ஆட்சேபம். அதில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுந்துவிட்டது என்பதும் சரியாக ஓடுகிறது என்பதும் ஒன்றல்ல. பழைய வரைகலை டிரைவர், பழைய மடிக்கணினி நிறுவனத்தின் மின்கலக் கருவி எல்லாம் பின்னணியில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு சிறு கடையின் கணக்கு மென்பொருளை, நிறுவும் தட்டும் காணாமல், விற்ற நிறுவனமும் மூடிப்போன நிலையில், புதிதாக நிறுவச் சொல்வது அறிவுரையாகாது. அங்கே தட்டை அப்படியே எழுப்புவது ஒன்றுதான் வழி. அப்படி மாற்றும்போது கவனிக்க வேண்டிய ஒன்று, விண்டோஸ் 8 முதல் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை என்பது. அடுத்த முறை வேகமாக எழுவதற்காக, கெர்னலின் அப்போதைய நிலையைத் தட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் தூங்குகிறது. அந்தப் பதிவு முழுக்கப் பழைய இயந்திரத்தின் நினைவு. அதே நிலையில் தட்டை லினக்ஸ் கணினியில் மாட்டினால், கோப்பமைப்பு பாதி வேலையில் விடப்பட்டிருப்பதைக் கண்டு எழுத மறுக்கும், மறுப்பதும் சரியே. கழற்றுவதற்கு முன் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அணைத்தால் இந்தப் பதிவு இருக்காது.

தொடக்கத் தகவலும் தட்டை விட்டுக் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐயில், எந்தத் தட்டின் எந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மதர்போர்டின் நினைவகத்தில் பதிவாகிறது. தட்டு போகும், பதிவு அங்கேயே இருந்துவிடும். இதை எதிர்பார்த்து, பதிவு எதுவும் இல்லாத தட்டுக்கென்று ஒரு பொதுப் பாதையும் வரையறையிலேயே உண்டு. விண்டோஸ் அந்த இடத்திலும் தன் ஏற்றியின் ஒரு பிரதியை வைக்கிறது. டெபியன் கேட்டால்தான் வைக்கும்.

இதுவரை சொன்னவை அசட்டையாலோ சிக்கனத்தாலோ விழுந்த முடிச்சுகள். 48 இலக்க எண் கேட்கும் தட்டின் விஷயம் வேறு. அந்த முடிச்சு வேண்டுமென்றே போடப்பட்டது. விஸ்டாவோடு வந்த பிட்லாக்கர், தட்டு முழுவதையும் மறைகுறியாக்கி, அதன் சாவியை மதர்போர்டிலுள்ள டிபிஎம் சிப்பிடம் ஒப்படைக்கிறது. கணினி எழும் ஒவ்வொரு படியையும் அளந்து, அளவுகள் முன்புபோலவே இருந்தால்தான் சிப் சாவியைத் தரும். ‘நான் எந்த இயந்திரத்தில் இருக்கிறேன்’ என்ற கேள்வி இங்கே ஒவ்வொரு முறையும் கேட்கப்படுகிறது. விடை மாறினால் நிற்க வேண்டும் என்பதே நோக்கம். மடிக்கணினி திருடுபோனால் இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை மறுக்க முடியாது. ஆனால் பாதுகாப்பு என்றாலே இயந்திரத்தோடு கட்ட வேண்டும் என்பது தவறு. லினக்ஸின் லக்ஸ் முறையிலும் தட்டு முழுவதும் மறைகுறியாக்கப்படுகிறது. அதைத் திறப்பது வழக்கமாக உரியவரின் மனதிலுள்ள கடவுச்சொல். எந்தக் கணினியிலும் சொன்னால் திறக்கும். விண்டோஸ் டு கோவுக்கும் மைக்ரோசாஃப்ட் டிபிஎம்மை விட்டுவிட்டுக் கடவுச்சொல்லைத்தான் வைத்தது, இடம் மாறும் தட்டுக்கு இடம் மாறாத சாவி ஒத்துவராது என்பதால். கட்டுவது மறைகுறியாக்கம் அல்ல, சாவி வைத்திருக்கும் இடம்.

உரிமத்தின் கதையும் இதேதான். 2001-இல் எக்ஸ்பியோடு வந்த ஆக்டிவேஷன் கணினியின் பாகங்களை எண்ணிப் பார்த்துக் கைரேகைபோல் வைத்துக்கொண்டது. விண்டோஸ் 8 முதல் மடிக்கணினியோடு வரும் உரிமச் சாவி மதர்போர்டிலேயே எழுதப்படுகிறது. இயந்திரத்தோடு கட்டுவதில் ஆப்பிள் எல்லோரையும் முந்திவிட்டது. 2017-இன் ஐமேக் புரோவில் டி2 சிப் வந்ததிலிருந்து உள்தட்டின் சாவி அந்தச் சிப்பைவிட்டு வெளியே வருவதேயில்லை. 2022-இன் மேக் ஸ்டூடியோவில் சேமிப்பு அட்டையைக் கழற்ற முடியும். ஆனால் கழற்றிக் கையில் எடுப்பது வெறும் நினைவகச் சில்லுகள்தான்; அவற்றை ஆளும் கட்டுப்படுத்தி எம்1 சிப்புக்குள் இருக்கிறது. வேறு கணினியில் எழுமா என்று கேட்கவே அங்கே இடமில்லை, கையில் இருப்பது தட்டே அல்ல.

விண்டோஸ் உலகம் அவ்வளவு தூரம் போகவில்லை, ஆனால் அந்தப் பக்கம்தான் நடக்கிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால், தகுதியுள்ள வீட்டுக் கணினிகளிலும் தட்டு தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது. தட்டு பூட்டப்பட்டிருப்பதையே அறியாதவர்கள் பலர் இருப்பார்கள். மீட்புக்கான 48 இலக்கங்கள் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மதர்போர்டு உயிரோடு இருக்கும்போது யாருக்கும் அது தேவைப்படாது. கணினி வாங்கிய அன்று, அவசரத்துக்குக் கடைப் பையன் தன் மின்னஞ்சலிலோ, மறுநாளே மறந்துவிட்ட ஒரு புது முகவரியிலோ கணக்குத் திறந்துகொடுத்திருந்தால், பின்னொரு நாள் அந்த எண்ணை எங்கே தேடுவது? அப்போது டிரைவரும் ஹாலும் மூட்டையும் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. இரண்டாவது தட்டாக மாட்டினால் கோப்புகளாவது கிடைக்கும் என்ற பழைய ஆறுதலும் அங்கே கிடையாது.